கொடியில் காயும் மழைக்கோட்டு

மழைக்கோட்டின் கழுத்துப்பட்டிக்குள் தைத்திருக்கும் சின்னத் துண்டில் '20 சலவை வரை நீர் ஒட்டாது' என்று போட்டிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, கடையால் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் இடவப்பாதி மழை (ஜூன் பருவமழை) தொடங்கும்போது அப்படி ஒன்றை வாங்குகிறார் என்று வையுங்கள். ஆடி முடிவதற்குள் தோளில் துணி கறுத்து, தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிடும். அதற்குள் ஏழெட்டுத் தடவைதான் அலக்கியிருப்பார்கள். கடைக்காரர் "நீங்க அலக்குன முறை சரியில்ல" என்பார். வெட்டுக்காரர் "இது வெறும் ஏமாத்து" என்பார். எனக்கு இதில் நெருடுவது, இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறது என்பது. பரிசோதனைக்கூடத்தில் அந்தத் துணி 20 சலவையைத் தாண்டியிருக்கும். குலசேகரத்தில் எட்டைத் தாண்டியிருக்காது. ஒரே துணி, அதன்மேல் ஒரே நீர்விலக்குப் பூச்சு, அதாவது ஃபினிஷ். 'நீடிக்கும்' என்ற சொல்லை எந்த ஊர்ச் சலவையை வைத்து அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

ரப்பர் தோட்டத்தில் இந்தக் கோட்டு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மரத்துக்குப் பாவாடை கட்டினாற்போல பாலித்தீன் மழைக்காப்பு ஒட்டிவிட்டால், வெட்டுப் பட்டையும் பால் பிடிக்கும் சிரட்டையும் நனையாது. மழையிலும் பால் வெட்டலாம். மரம் நனையாது, ஆள் நனைவார். தெருவில் விற்கும் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு முந்நூறு மரத்துக்கு நடந்து வெட்டினால், "வெளியில மழை, உள்ள வேர்வை, ரெண்டும் ஒண்ணுதான்" என்ற நிலைமை. அதனால்தான் மூச்சுவிடும் துணி. பாலியெஸ்டரோ நைலானோ வெளிப்பக்கம். உள்பக்கம் மெல்லிய பாலியூரித்தேன் கோட்டிங். வெளிப்பக்கத்து நூல்களின் மேல் நீர்விலக்கு ஃபினிஷ்.

இந்த இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. தண்ணீரை உள்ளே விடாமல் நிறுத்துவது கோட்டிங். வெளித்துணி தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்வது ஃபினிஷ். ஃபினிஷ் போய்விட்டால் கோட்டு உடனே ஒழுகாது. ஆனால் வெளித்துணி ஊறி, வேர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் அடைபடும். உடம்புச்சூட்டை ஈரத்துணி இழுக்கும். போட்டிருப்பவருக்கு ஒழுகுவது போலவே தோன்றும். எது என்று தெரிந்துகொள்ளக் கோட்டை உள்வெளியாகத் திருப்ப வேண்டாம். தோள் பகுதியைக் குழிவாகப் பிடித்து, வெளிப்பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் நாளிதழ்த் தாள் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். தாள் நனைந்தால் கோட்டிங்கோ தையலோ போயிற்று. தாள் காய்ந்திருந்து, மேல்துணி மட்டும் கறுத்திருந்தால் போனது ஃபினிஷ். முதலாவதற்கு வைத்தியம் குறைவு. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எண் எங்கிருந்து வருகிறது

தெளிப்புச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க முறையில் ஏஏடிசிசி 22, உலகத் தரத்தில் ஐஎஸ்ஓ 4920. துணியை 15 சென்டிமீட்டர் வளையத்தில் இழுத்து மாட்டி, 45 பாகை சாய்வில் வைத்து, மேலே 15 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள பூவாளி முனையிலிருந்து 250 மில்லி தண்ணீரை விடவேண்டும். அது 25 முதல் 30 விநாடிக்குள் வடிந்துவிட வேண்டும். பிறகு வளையத்தின் விளிம்பைக் கெட்டியான ஒன்றில் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு தட்டு. மிச்சமிருக்கும் ஈரத்தைப் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண்: ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் 100, அங்கங்கே புள்ளி ஒட்டினால் 90, தண்ணீர் விழுந்த இடமெல்லாம் நனைந்தால் 80, மேற்பரப்பு ஓரளவு முழுக்க நனைந்தால் 70, முழுசாக நனைந்தால் 50, பின்பக்கமும் ஊறினால் 0.

இந்தக் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம். ஃபேன்ஸி கடையில் கிடைக்கும் ஆறு அங்குல எம்பிராய்டரி வளையம், ஒரு புனல், 19 துளை போட்ட முனை, சாய்வுக்கு ஒரு மரத்துண்டு. 250 மில்லி 25 விநாடிக்குமுன் ஓடிவிட்டால் துளை பெரிது. 30ஐத் தாண்டினால் அடைப்பு. ஆட்கள் தப்பு செய்யும் இடங்கள் சில உண்டு. வளையத்தில் துணி தொய்வாக இருந்தால் நடுவில் குளம் கட்டி, நல்ல துணிக்கும் மதிப்பெண் குறையும். ட்வில் துணியில் சாய்வரி தண்ணீர் ஓடும் திசைக்கு எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்துவது நல்லது.

இப்படித்தான் சலவைக்கு முன்னும் பின்னும் எண் எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சலவை எப்படிப்பட்டது? இயந்திரத்தில், அளந்துபோட்ட சோதனைச் சோப்புத்தூளில், கடைசியில் சூடான ட்ரையரில் சுழற்றிக் காயவைப்பது. தரநூல்களில் கொடியில் காயவைப்பதும் ஒரு தேர்வாக இருக்கத்தான் செய்கிறது. விற்பனைக்குப் போடும் எண்ணுக்கு ட்ரையரைத் தேர்ந்தெடுப்பதுதான் லாபம். காரணம் இனி.

இஸ்திரிப் பெட்டி

'செத்துப்போன' கோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக அலசி, முழுசாகக் காயவைத்து, முதுகுப் பகுதியை நடுவில் சாக்பீஸால் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கத்தை அப்படியே விடுங்கள். வலப்பக்கத்தின் மேல் மெல்லிய பருத்தித் துண்டை விரித்து, நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள்: பாலியெஸ்டருக்கு இரண்டு புள்ளிச் சூடு, நைலானுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து விநாடி. ஆறவிட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் தெளியுங்கள். பெரும்பாலான கோட்டுகளில் இடப்பக்கம் தண்ணீரைக் குடித்துக் கறுக்கும். வலப்பக்கம் சேம்பிலையில் விழுந்த மழைபோல உருண்டு ஓடும்.

ஃபினிஷ் துணியிலிருந்து போகவே இல்லை, படுத்துக்கிடந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டாது. இந்த வேதிப்பொருள் ஒரு பாலிமர், அதாவது நீளச் சங்கிலி மூலக்கூறு. முதுகெலும்பு நூலோடு ஒட்டியிருக்க, பக்கக்கிளைகள் பயிர்போல வெளிநோக்கி நிற்கும். கிளை நுனிகளில் ஃபுளூரின் நிறைந்த கார்பன். அவை நெருக்கமாக, நிமிர்ந்து நின்றால்தான் தண்ணீருக்கு அந்தப் பரப்பு பிடிக்காது. தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கும்போது கிளைகள் சாய்ந்து உள்ளே ஒதுங்குகின்றன. தண்ணீரை விரும்பும் பகுதிகள் வெளியே வருகின்றன. அப்படியே காய்ந்தால் அப்படியே நிற்கும். சூடு கிடைத்தால் கிளைகள் இளகி மறுபடி நிமிரும். ட்ரையர் ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. சோதனைக்கூடத்தின் 20 சலவை என்பது 20 முறை எழுப்பிவிடப்பட்ட ஃபினிஷ்.

நம் ஊரில் ட்ரையர் இல்லை. கொடிதான். ஜூன் மாதத்தில் கொடியும் திண்ணைக்குள், வெயில் படாமல். இரண்டு நாள் காய்ந்தாலும் துணிக்குள் ஈரத்தின் வாடை போகாது.

பழைய ஃபினிஷ்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. எட்டு ஃபுளூரோகார்பன் நீளமுள்ள கிளைகள் தங்களுக்குள் படிகமாக அடுக்கிக்கொள்ளும். தண்ணீர் லேசில் சாய்க்காது. ஆறு நீளமுள்ள கிளைகளுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. எட்டிலிருந்து ஆறுக்கு உலகம் மாறியதன் காரணம் சுற்றுச்சூழல். உற்பத்தியாளரான 3எம் 2000இல் இந்த வகையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. உடைந்து சேரும் பிஎஃப்ஓஏ என்ற அமிலம் உடம்பிலும் நீரிலும் அழியாமல் தங்குவதால் 2019இல், அழியாத நச்சுப்பொருள்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. ஆறுநீள வகையின் எச்சத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. இப்போது கடைக்கு வருவதில் ஃபுளூரினே இல்லாத மெழுகு, சிலிக்கோன், அக்ரிலிக் வகைகள் கூடிக்கொண்டிருக்கின்றன. மாற்றம் சரியானதுதான். ஆனால் பழைய வேதிப்பொருளை வைத்து மக்கள் மனத்தில் பதிந்த 'நீடிப்பு', புதியதற்கும் அப்படியே பொருந்தும் என்று துண்டு தைத்து விற்பது சரியில்லை.

மூன்று விதமான சாவு

இஸ்திரி போட்டும் எழாவிட்டால்? அப்போது வேறு காரணம், இரண்டாவது விதம். பெரும்பாலும் பார்சோப்புதான். துணியைக் கல்லில் விரித்து, பாரைத் தேய்த்து, அடித்து, ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது நம் வழக்கம். சோப்பின் ஒரு முனை எண்ணெய்க்கு, மறுமுனை தண்ணீருக்கு. நீர்விலக்குப் பரப்பில் எண்ணெய் முனை ஒட்டிக்கொண்டால், மறுமுனை வெளியே நீட்டி நின்று மழைத்தண்ணீரைக் கைநீட்டி அழைக்கும். கடினநீர்க் கிணறாக இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான படலமும் சேரும். அலசியது போதுமா என்று பார்க்க ஒரு வழி: கடைசி அலசலில் கோட்டின் முனையைப் பிழிந்து அந்தத் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, கையால் மூடிக் குலுக்குங்கள். நுரை நின்றால் இன்னொரு முறை அலசவேண்டும். வழக்கமாக நான்காவது வாளியில்தான் நுரை அடங்கும். மணமூட்டும் கண்டிஷனரை இந்தத் துணியின் பக்கத்திலேயே கொண்டுவரக்கூடாது. அதன் வேலையே நூலின் மேல் படலமாகப் படிவதுதான்.

அழுக்கும் இதே வகைதான். கழுத்திலும் மணிக்கட்டிலும் உடம்பெண்ணெய். மார்பில் ஒட்டுப்பால் தேய்த்த கறை. காய்ந்த ரப்பர்ப் பாலை உரித்தெடுக்கும்போது ஃபினிஷையும் சேர்த்து உரிக்கிறோம். பால் ஈரமாக இருக்கும்போதே பச்சைத்தண்ணீரில் கழுவிவிட்டால் இந்த இழப்பு இல்லை. கடற்கரைப் பக்கம் உப்பு. தூத்தூரிலும் குளச்சலிலும் படகில் போடுவது பெரும்பாலும் பிவிசி உடுப்பு என்பதால் அங்கே இந்தப் பேச்சே குறைவு. துணிக்கோட்டு போடுகிறவர்கள் நல்லதண்ணீரில் முக்கி உப்பை எடுக்காவிட்டால், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும்.

மூன்றாவது, உண்மையான சாவு: தேய்மானம். வாளிக்காது உரசும் முழங்கை, பை தொங்கும் தோள், கல்லில் அடிபடும் இடமெல்லாம். இங்கே பூச்சு நூலிலிருந்து போயே விட்டது. சூடும் எழுப்பாது, அலசலும் எழுப்பாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் அலசல், பிறகு இஸ்திரி, அதற்கும் மசியாத இடம் தேய்ந்த இடம். அந்த இடங்களுக்கு மட்டும் ஸ்ப்ரே வாங்கி அடிக்கலாம். சோப்பு மிச்சமிருக்கும் துணியில் அடித்தால் காசு மழையோடு போகும்.

இஸ்திரி பற்றி ஓர் எச்சரிக்கை. சிரட்டைக்கரி போட்ட பெட்டியில் சூட்டுக்குக் கணக்குக் கிடையாது. அடித்தட்டில் ஓரிடம் மட்டும் கொதித்து நைலானைச் சுருக்கிவிடும். தையல் மேல் ஒட்டிய டேப் இருந்தால் உள்பக்கத்திலிருந்து இஸ்திரி வைக்கவே கூடாது, பசை இளகும்.

ஆலைக்குள் போகும் தவறுகள்

நம் மாவட்டத்தில் இந்த ஃபினிஷிங் ஆலை இல்லாவிட்டாலும், துணி வாங்கித் தைக்கிறவர்கள் ஈரோடு, திருப்பூர் பக்கம் ஜாப் வொர்க்குக்குக் கொடுக்கிறார்கள். என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்து கொடுத்தால் நல்லது. முதலில் துணியின் சுத்தம். கஞ்சி, நூற்பு எண்ணெய், சோப்பு, காரம் எதுவும் மிச்சமிருக்கக்கூடாது. பருத்தி கலந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில விநாடிக்குள் குடித்துவிட வேண்டும். நன்றாகக் குடிக்கிற துணிதான் ஃபினிஷ் ஏறிய பின் நன்றாக விலக்கும். கேட்க முரணாக இருந்தாலும் அதுதான் நடைமுறை. துணியை முன்பு முக்கிய கரைசலில் சிலிக்கோன் நுரையடக்கி போட்டிருந்தால் எண்ணெய் விலக்கும் தன்மை படுத்துவிடும். வெள்ளைத்துணிக்குப் போடும் பிரைட்னர் எதிர்மின் வகை, ரிப்பல்லன்ட் (நீர்விலக்கிச் சரக்கு) பெரும்பாலும் நேர்மின் வகை. இரண்டும் சந்தித்தால் உருளையில் வெள்ளைத் திரி திரியாகப் படியும்.

65/35 பாலியெஸ்டர்-பருத்தி ட்வில்லுக்குத் தொடக்க ரெசிப்பி இப்படி வைக்கலாம்: லிட்டருக்கு ரிப்பல்லன்ட் 50 கிராம், பிளாக்டு ஐசோசயனேட் வகை பிணைப்பி 10 கிராம், அசெட்டிக் அமிலம் பிஹெச் 4.5-5 வரும் அளவு, துணி உடனே நனைய ஐசோபுரோப்பனால் 5 மில்லி. பேடிங் பிக்கப், அதாவது கரைசலில் முக்கி உருளையில் பிழிந்தபின் துணியில் நிற்கும் கரைசல், 65 சதவீதம். 100 கிராம் துணி 65 மில்லி எடுக்கும், அதில் 3.25 கிராம் சரக்கு. அதில் திடப்பொருள் கால்பங்கு என்றால் துணிமேல் நிற்பது 0.8 கிராம்தான். சலவையைத் தாங்கவைப்பது பிணைப்பி. அதைக் குறைத்துக் காசு மிச்சம் பிடித்தால் முதல் நாள் 100 வரும், ஐந்தாம் சலவையில் 70க்கு இறங்கும். கூட்டினால் துணி விறைத்து, கிழிவலு குறையும்.

உலர்த்தல் 110-120 டிகிரியில், பூச்சு இறுகப் பதப்படுத்தல் 160 டிகிரியில் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம். பெரும்பாலான தோல்வி இங்கேதான். துணியை விரித்துச் சூடேற்றும் ஸ்டென்டர் இயந்திரத்தின் திரையில் தெரியும் 160 காற்றின் சூடு. கனத் துணி அதை எட்டவே அரை நிமிடம் ஆகும். உற்பத்தியைக் கூட்ட வேகத்தை ஏற்றினால் துணி உண்மையில் 140ஐத் தொட்டுவிட்டு வெளியே வந்திருக்கும். புதுத்துணியில் தெளிப்புச் சோதனை இதைக் காட்டாது. அப்போதும் 100தான் வரும். சலவைக்குப் பின்தான் குட்டு உடையும். துணியில் ஒட்டும் சூடு காட்டும் பட்டையை ஒரு சுற்று உள்ளே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தையலுக்குப் பருத்தி நூல் போட்டால் இத்தனையும் வீண்; அது திரிபோல ஊசித்துளை வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும்.

எந்தத் திரவத்துக்கு

தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்கள் 30ஐ ஒட்டி. மெழுகு வகைப் பரப்பின் ஆற்றல் 20களில் நிற்கும், ஃபுளூரின் அடர்ந்த பரப்பு 10க்கும் கீழே போகும். பரப்பின் ஆற்றல் திரவத்தின் இழுவிசையைவிட வெகுவாகக் குறைந்திருந்தால்தான் திரவம் உருளும். ஆகவே மெழுகு தண்ணீரை உருட்டிவிடும், எண்ணெயை உருட்டாது. பால்வெட்டுக்கு வெறும் மழைதான் எதிரி என்பதால் ஃபுளூரின் இல்லாத ஃபினிஷ் தாராளமாகப் போதும்; ஃபுளூரின் கேட்பதே அநாவசியம் என்பேன். முந்திரி ஆலையில் கதை வேறு. தோட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். 'நீர் ஒட்டாது' என்று எழுதிய துணி ஏப்ரனை அங்கே கொடுப்பது பாதுகாப்பு என்ற பெயரில் திரி கட்டிவிடுவது. அங்கே தேவை ரப்பரோ பிவிசியோ பூசிய ஏப்ரன்.

வாழைத்தோட்டத்தில் மருந்தடிப்பவரின் சட்டைக்கும் இந்தக் கவனம் வேண்டும். மருந்தில் பரவவைக்கும் பொருள் கலந்திருப்பதால் தொட்டியிலுள்ள கலவையின் இழுவிசை தண்ணீரைவிட வெகுவாகக் குறைந்துவிடும். தெளிப்புச் சோதனையில் 100 வாங்கிய துணி அதைக் குடிக்கும். இதற்கு ஏஏடிசிசி 193 முறை உதவும். தண்ணீரில் ஐசோபுரோப்பனால் 2, 5, 10, 20, 30 சதவீதம் என்று கலந்து சொட்டுக்குப்பிகளில் வைத்துக்கொண்டு, குறைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொட்டிப் பத்து விநாடி பார்ப்பது. 20 சதவீதக் கலவையின் இழுவிசை 33. அது உருண்டையாக நின்றால் தரம் 4, மருந்துச் சாரலுக்கு ஓரளவு நம்பலாம். எண்ணெய்க்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு, 30 விநாடி. அதுவே ஊறிவிட்டால் எண்ணெய் விலக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரப்பர் ஷீட் அடிக்கும் புரையில் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நைலானைக் கரைத்து இழை கண்டுபிடிக்கச் சோதனைக்கூடங்களில் பயன்படுத்துவதே செறிவான ஃபார்மிக் அமிலம்தான். கேனிலிருந்து நேராகத் தெறித்தால் நைலான் கோட்டில் ஓட்டை விழும். மேலே எந்த ஃபினிஷ் இருந்தாலும் சரி. அந்த வேலைக்குப் பாலியெஸ்டரில் எடுங்கள், அதன்மேல் ஏப்ரன் போடுங்கள்.

இனி வாங்குகிறவர் எழுதிக் கேட்கவேண்டிய வரி. 'புதியதில் 100' என்பதற்குப் பதில், 'பார்சோப்பில் 10 சலவை, நிழலில் கொடியில் உலர்த்தி, இஸ்திரி போடாமல் தெளிப்பு மதிப்பெண் குறைந்தது 70. அதே துண்டு இஸ்திரிக்குப் பின் 90' என்று இரண்டு எண்ணாகக் கேளுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் படுத்துக்கிடக்கும் ஃபினிஷ். நன்றாக அலசியும் இரண்டாவது எண் குறைந்தால் தேய்ந்துபோன ஃபினிஷ். ஆர்டர் கொடுக்குமுன் 20 சென்டிமீட்டர் சதுரத்தில் ஆறு துண்டு வாங்கி, ஒன்றை அலக்காமல் வைத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டு அலக்குகல்லிலேயே சோதித்துவிடலாம். இரண்டு வாரம் ஆகும்.

சூடுதானே வேண்டும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ஷீட்டோடு கோட்டையும் தொங்கவிட்டால் என்ன என்று தோன்றும். அங்கே சூடு 60 டிகிரி வரை வரும், ட்ரையரின் சூட்டுக்குப் பக்கம்தான். ஆனால் ஷீட்டைப் பழுப்பாக்கும் அதே புகைக்கீல் கோட்டின் மேலும் படியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தோளுக்கும் கைக்கும் மட்டும் ஐந்து நிமிடம் இஸ்திரி போடுவது மலிவு.